'தயாரிக்கப்பட்ட குழு' என்று தள்ளிவைத்த மங்கீஸை எப்படிக் கேட்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சில மாதங்களாக, அறுபதுகளின் அமெரிக்கப் பாப் குழுவான மங்கீஸ் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள், ரொம்பப் பிடித்துப்போயிருக்கிறது. இசை தெரிந்த நண்பர் ஒருவர், "அது டிவிக்காக ஆள் பிடித்துச் செய்த குழு, அவர்கள் கருவியைத் தொட்டதே இல்லை" என்று சிரித்துவிட்டார். இவர்களை ரசிப்பது ரசனைக் குறைவா, இல்லை உண்மையிலேயே இதில் சரக்கு இருக்கிறதா, இருந்தால் எங்கிருந்து கேட்கத் தொடங்குவது என்று கேட்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒரு பாட்டு எப்படி உருவானது என்று தெரிந்த பிறகு, அதை முதலில் கேட்டபோது வந்த சந்தோஷம் செல்லாக் காசாகிவிடுமா?

சரக்கு இருக்கிறது, நிறையவே இருக்கிறது. உங்கள் சந்தோஷமும் செல்லும். ஆனால் உங்கள் நண்பர் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை என்பதால், அவரை மடக்குவதற்காக இதை எழுதவில்லை. நான் இருபது வருஷத்துக்கு மேலாக ரெக்கார்டிங் ஸ்டுடியோக்களில் வேலை செய்கிறேன். தொடக்கத்தில் கூலிக்கு கிட்டார் வாசித்தேன், பிறகு ஒலிப்பதிவு, மிக்சிங் என்று போய்விட்டேன். மங்கீஸ் கதை என் தொழிலின் கதையும்தான், அதனால் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன், கேட்டிருக்கிறேன். 1967-இல் நான் பிறக்கவே இல்லை, அவர்களுடைய மேடைக் கச்சேரிகளைப் பதிவுகளில் கேட்டதோடு சரி. என் காது கிட்டார் பக்கம் சாய்ந்த காது, டேவி ஜோன்ஸ் பாடிய மெல்லிய காதல் பாட்டுகளுக்கு நான் நல்ல நீதிபதி இல்லை. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நண்பர் சரியாகச் சொன்ன பகுதியிலிருந்து தொடங்குகிறேன். பாப் ராஃபல்சன், பெர்ட் ஷ்னைடர் என்ற இரண்டு இளம் தயாரிப்பாளர்கள், ஓர் இசைக்குழுவின் அன்றாட வாழ்க்கையை நகைச்சுவைத் தொடராக எடுக்க நினைத்தார்கள். 1965 செப்டம்பரில் ஹாலிவுட்டின் தொழில் பத்திரிகைகளில், 17-இலிருந்து 21 வயதுக்குள் நான்கு 'பைத்தியக்காரப் பையன்கள்' தேவை என்று விளம்பரம் கொடுத்தார்கள். 437 பேர் வந்தார்கள். கடைசியில் எடுக்கப்பட்ட நான்கு பேரில் அந்த விளம்பரத்தைப் பார்த்து வந்தவர் டெக்சாஸ்காரரான மைக்கேல் நெஸ்மித் ஒருவர்தான். மான்செஸ்டரில் பிறந்த டேவி ஜோன்ஸ், பிராட்வே மேடையில் நடித்து டோனி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர், தொடரை எடுத்த நிறுவனத்தோடு ஏற்கெனவே ஒப்பந்தத்தில் இருந்தவர். மிக்கி டோலன்ஸ் சின்ன வயதிலேயே ஒரு டிவி தொடரில் நாயகன். பீட்டர் டார்க் நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜில் நாட்டுப்புறப் பாட்டு பாடிக்கொண்டிருந்தவர், அவரைப் போகச் சொன்னவர் அவருடைய நண்பர் ஸ்டீஃபன் ஸ்டில்ஸ். தொடர் 1966 செப்டம்பர் 12 அன்று என்.பி.சி.யில் ஆரம்பித்தது. மொத்தம் 58 எபிசோடுகள். 1967-இல் சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருதும் வாங்கியது.

பாட்டுப் பொறுப்பு டான் கிர்ஷ்னர் என்பவரிடம் இருந்தது. நியூயார்க்கின் திறமையான பாடலாசிரியர்கள் பலர் அவர் கைக்குள் இருந்தார்கள். டாமி பாய்ஸ், பாபி ஹார்ட் இருவரும் எழுதிய 'லாஸ்ட் டிரெயின் டு கிளார்க்ஸ்வில்' தொடர் தொடங்குவதற்கு முன்பே வெளிவந்து, 1966 நவம்பரில் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. அதில் மங்கீஸ் நால்வரில் ஒருவர்கூடக் கருவி வாசிக்கவில்லை. எல்லோரும் முணுமுணுக்கும் அந்தத் தொடக்க கிட்டார் வரியை வாசித்தவர் லூயி ஷெல்டன். நீல் டைமண்ட் எழுதிய 'ஐ'ம் எ பிலீவர்' ஏழு வாரம் முதலிடத்தில் நின்றது, அதிலும் இதே கதைதான். முதல் ஆல்பத்தில் நெஸ்மித் எழுதி (ஒன்றை மற்றவர்களோடு சேர்ந்து எழுதி), தானே தயாரித்த இரண்டு பாட்டுகள் இருக்கின்றன, அவற்றில் டார்க்கையும் கிட்டார் வாசிக்க உட்கார வைத்துக்கொண்டார். ஆக 'தொட்டதே இல்லை' என்பது தவறு, 'முதல் இரண்டு ஆல்பங்களில் பெரும்பாலும் தொடவில்லை' என்பது சரி.

நண்பரோடு எனக்கு ஒத்துவராத இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. அந்த இரண்டு ஆல்பங்களும் பெரும்பாலும் பதிவான லாஸ் ஏஞ்சலிஸில் அப்போது அதுதான் நடைமுறை. பர்ட்ஸ் குழுவின் முதல் சிங்கிளில் (தனிப்பாட்டுத் தட்டில்) குழுவிலிருந்து கருவி வாசித்தவர் ரோஜர் மக்கின் ஒருவர்தான், டிரம்ஸ் ஹால் பிளெய்ன், பேஸ் லாரி நெக்டெல். பீச் பாய்ஸின் மிகப் போற்றப்பட்ட ஆல்பத்தில் பின்னணி முழுக்க வாசித்ததும் பெரும்பாலும் அதே ஸ்டுடியோ வாத்தியக்காரர்கள். அவர்களை யாரும் போலி என்று சொல்வதில்லை. மங்கீஸ் செய்த தவறு, எல்லோர் வீட்டு ஹாலிலும் வாராவாரம் வந்து வாசிப்பதுபோல நடித்தது. மற்றவர்களைப் பொறுத்தவரை கேட்பவர்களுக்குச் சந்தேகம் வர வழியே இல்லை. இவர்கள் விஷயத்தில் நடிப்பு என்பது வேலையின் பெயரிலேயே இருந்தது.

நாமெல்லாம் சினிமாப் பாட்டில் வளர்ந்தவர்கள். எழுதியவர் ஒருவர், மெட்டுப் போட்டவர் ஒருவர், பாடியவர் ஒருவர், வயலின் வாசித்தவர்கள் முப்பது பேர், திரையில் வாயசைத்தவர் வேறொருவர். அந்தப் பாட்டைக் கேட்டுக் கண்கலங்கும்போது "இதில் யார் உண்மையானவர்?" என்று நாம் கேட்பதே இல்லை. தானே எழுதி, தானே வாசித்து, தானே பாடினால்தான் அது உண்மை என்ற எண்ணம், ராக் இசையில் அறுபதுகளின் நடுவில் பலப்பட்ட ஒன்று. பீட்டில்ஸும் பாப் டிலனும் அப்படிச் செய்தார்கள், அதனால் எல்லோரும் அப்படிச் செய்ய வேண்டும் என்று ஆனது. நல்ல எண்ணம்தான், பல அருமையான ஆல்பங்களை அது தந்தது. ஆனால் அதை வைத்து எல்லாப் பாட்டையும் அளந்தால், நாம் உயிராய் நேசிக்கும் பாதிப் பாட்டுகள் அளவுக்குள் வராது.

என் அனுபவத்தில் ஒன்று. வருஷங்களுக்கு முன்னால் ஒரு குழுவின் ஆல்பத்துக்கு மூன்று பாட்டில் நான் கிட்டார் வாசித்தேன். அவர்களுடைய கிட்டார்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். நான் வாசித்த வரியை அவர் வாய்க்குள் பாடிப் பாடிக் கற்றுக்கொண்டார், மேடையில் அதை என்னைவிட உயிரோட்டமாக வாசித்தார். உறையில் என் பெயர் வரவில்லை. அது கொஞ்சம் வலித்தது, மறைக்கவில்லை. ஆனாலும் அந்தப் பாட்டு போலி என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. மறைத்தது தவறு, வாசித்தது தவறில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் மங்கீஸ் கதையின் முக்கால்வாசி புரிந்துவிடும், ஏனென்றால் இதே வித்தியாசத்துக்காகத்தான் அவர்களே சண்டை போட்டார்கள்.

1967 ஜனவரியில் அவர்களுடைய இரண்டாவது ஆல்பம் வெளிவந்தது. குழுவுக்கே தகவல் இல்லை, சுற்றுப்பயணத்தில் இருந்தபோதுதான் தெரியவந்தது. உறையின் பின்பக்கம் கிர்ஷ்னர் எழுதிய குறிப்பில் அவருடைய பாடலாசிரியர்களுக்குத்தான் புகழாரம். நெஸ்மித் கொதித்துப்போனார். உலக வரலாற்றிலேயே மோசமான ஆல்பம் அதுவாகத்தான் இருக்கும் என்கிற ரீதியில் பத்திரிகையில் பேசினார், தாங்கள் வாசிக்காத பாட்டைத் தாங்கள் வாசித்ததாக விற்கிறார்கள் என்பதையும் வெளிப்படையாகச் சொன்னார். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். கோடிக்கணக்கில் விற்றுக்கொண்டிருக்கும் சரக்கைப் பற்றி அதன் முகமாக இருப்பவரே இப்படிச் சொல்கிறார். பெவர்லி ஹில்ஸ் ஹோட்டலில் நடந்த கூட்டத்தில், ஒப்பந்தத்தைக் காட்டிப் பேசிய வக்கீல் முன்னால் சுவரில் குத்தி ஓட்டை போட்டார். கொஞ்ச நாளிலேயே, குழுவின் சம்மதமில்லாமல் ஒரு சிங்கிளை வெளியிடப் போய் கிர்ஷ்னர் வேலையிழந்தார். அடுத்து அவர் கார்ட்டூன் பாத்திரங்களை வைத்து ஆர்ச்சீஸ் என்ற குழுவை நடத்தினார், 1969-இல் அதற்கும் முதலிடம் கிடைத்தது.

சண்டையில் ஜெயித்தவர்களுக்கு அடுத்து வருவது கஷ்டமான பகுதி. இப்போது வாசித்துக் காட்ட வேண்டும். டோலன்ஸுக்கு டிரம்ஸ் என்பது தொடரில் கொடுத்த வேஷம், அவர் கிட்டார் வாசித்துப் பாடுகிறவர். வேஷத்துக்காகக் கற்க ஆரம்பித்து, 1966 டிசம்பரில் ஹொனலுலுவில் முதல் கச்சேரி வாசித்துவிட்டார். ஆனால் ஒலிவாங்கி முன்னால் டிரம்ஸ் வாசிப்பது வேறு. மேடையில் தடுமாறினால் கூச்சல் மறைத்துவிடும், ஸ்டுடியோவில் டேப் எதையும் மறைக்காது. டர்டில்ஸ் குழுவில் பேஸ் வாசித்த சிப் டக்ளஸைத் தயாரிப்பாளராக அழைத்துக்கொண்டு, ஹாலிவுட்டில் ஆர்.சி.ஏ. ஸ்டுடியோவுக்குள் போனார்கள். வெளியே வந்தது 'ஹெட்குவார்ட்டர்ஸ்', 1967 மே மாதம். ஒரு வாரம் முதலிடம், அடுத்த வாரமே பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்' வந்து உட்கார்ந்துகொண்டது, அதன் பிறகு பதினோரு வாரம் இரண்டாமிடம்.

இந்த ஆல்பத்தைப் பற்றித்தான் நான் அதிகம் பேச ஆசைப்படுகிறேன். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு 'யூ ஜஸ்ட் மே பி த ஒன்' கேளுங்கள், இரண்டு நிமிஷம்தான். நெஸ்மித் எழுதிப் பாடியது. அவர் கையில் பன்னிரண்டு தந்தி கிட்டார், டார்க்கிடம் பேஸ், டோலன்ஸ் டிரம்ஸ், ஜோன்ஸ் டம்பூரின். பேஸ் ஒரு துள்ளலோடு முன்னால் ஓடுகிறது. டிரம்ஸைக் கவனியுங்கள், ஹால் பிளெய்னாக இருந்தால் அந்தத் திருப்பங்களைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்திருப்பார். டோலன்ஸ் ஒவ்வொரு திருப்பத்துக்கு முன்னாலும் ஒரு நொடி மூச்சைப் பிடித்துக்கொள்வது எனக்குக் கேட்கிறது. தாளம் இம்மியளவு முன்னே போகிறது, உடனே மற்ற மூன்று பேரும் அவரோடு சேர்ந்துகொள்கிறார்கள். நான்கு பேர் ஒருவரையொருவர் காதால் பிடித்துக்கொண்டு நடக்கும்போது வரும் சத்தம் அது. கூலிக்கு வாசிக்கும் எங்களைப் போன்றவர்களிடம் அது கிடைக்காது, நாங்கள் தாளத்தைப் பிடித்துக்கொள்வோம், ஒருவரையொருவர் பிடித்துக்கொள்ள அவசியம் வராது. மிக்சிங் சொல்லிக்கொடுக்கும்போது, 'குழு' என்றால் என்ன சத்தம் என்று காட்ட இந்தப் பாட்டைப் போட்டுக்காட்டுகிறேன்.

அதே ஆல்பத்தில் 'ஷேட்ஸ் ஆஃப் கிரே' என்ற பாட்டில் ஹார்னும் செல்லோவும் வருகின்றன. அந்த இரண்டு பேரும் வெளியிலிருந்து வந்தவர்கள். அவர்கள் வாசிக்க வேண்டிய வரியை நெஸ்மித் வாயால் முனகிக்காட்ட, டார்க் அதை ஸ்வரமாக எழுதினார். டார்க்குக்கு இசை எழுதப் படிக்கத் தெரியும், பியானோ, பாஞ்சோ, கிட்டார், பேஸ் எல்லாம் கைவந்தவர். தொடரில் அவருக்குக் கொடுத்தது மந்தபுத்திக்காரன் வேஷம். நால்வரிலேயே முறையான இசை ஞானம் அதிகம் உள்ளவரை உலகம் அசடாகப் பார்த்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கேட்பதில்லை.

'ராண்டி ஸ்கவுஸ் கிட்' டோலன்ஸ் எழுதியது. லண்டன் போய், பீட்டில்ஸ் கொடுத்த விருந்தில் கலந்துகொண்டு, பிறகு தன் மனைவியான பெண்ணையும் அங்கே சந்தித்துத் திரும்பியவர், கண்டதையெல்லாம் துண்டு துண்டாக எழுதி வைத்திருக்கிறார். தலைப்பு அங்கே ஒரு டிவி தொடரில் காதில் விழுந்த திட்டு. அது பிரிட்டனில் அச்சிடத் தகாத சொல், வேறு தலைப்பு கொடுங்கள் என்று நிறுவனம் கேட்டதால், 'மாற்றுத் தலைப்பு' என்ற பொருளில் 'ஆல்டர்நேட் டைட்டில்' என்றே வெளியிட்டார்கள், அங்கே இரண்டாமிடம் வரை போனது. பாட்டின் அமைப்புதான் எனக்கு அதிசயம். டிம்பனி முழங்கித் தொடங்கி, பழைய நாடகக் கொட்டகைப் பாணியில் பியானோவோடு சாவகாசமாக ஒரு பகுதி போகிறது. திடீரென்று கத்தலாக இன்னொரு பகுதி, தலைமுடி நீளத்தைப் பற்றியெல்லாம் ஓர் அதட்டல். இப்படி மாறி மாறி வந்து, கடைசியில் அந்த அமைதியும் இந்தக் கத்தலும் ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. இரண்டும் ஒரே சுரக்கட்டில் பொருந்தும் என்பது அதுவரை நமக்குத் தெரியாது. பாட்டு எழுதிப் பழக்கமில்லாத 22 வயதுப் பையன் செய்த வேலை இது.

ஒலிப்பதிவாளனாக எனக்குப் பிடித்த ஒரு சின்ன விஷயமும் உண்டு. 'நோ டைம்' என்ற பாட்டை எழுதியவர் என்று உறையில் இருக்கும் பெயர் ஹாங்க் சிக்காலோ. அவர்தான் அந்த ஆல்பத்தின் ஒலிப்பதிவாளர். உண்மையில் குழுவினர் கூடி ஆக்கிய பாட்டு அது. தங்களோடு பொறுமையாக உட்கார்ந்தவருக்கு நன்றியாக, ராயல்டி போகட்டும் என்று எழுதியவர் இடத்தில் அவர் பெயரைப் போட்டார்கள். பெயர் போடுவது பற்றித்தான் அவர்கள் சண்டை போட்டார்கள் என்று சொன்னேன் இல்லையா, கையில் அதிகாரம் வந்ததும் அதை வைத்து இதையும் செய்தார்கள்.

மங்கீஸைத் தூக்கிப்பிடிக்கிறவர்கள் சொல்லும் சில கதைகளை நீங்கள் நம்ப வேண்டாம். 1967-இல் பீட்டில்ஸும் ரோலிங் ஸ்டோன்ஸும் சேர்ந்து விற்றதைவிட மங்கீஸ் அதிகம் விற்றார்கள் என்று பல இடங்களில் அச்சாகியிருக்கும். அது நெஸ்மித் ஒரு பேட்டியில் சும்மா அடித்துவிட்டது என்று அவரே பின்னால் ஒப்புக்கொண்டார். உறுதியாகத் தெரிந்தது வேறு: அந்த ஒரே ஆண்டில் அவர்களுடைய நான்கு ஆல்பங்கள் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தில் இருந்திருக்கின்றன, அதுவே போதுமான வியப்பு. கொலைகாரன் சார்ல்ஸ் மேன்சன் இந்தத் தேர்வுக்கு வந்து தோற்றுப்போனான் என்பது பொய், அவன் 1965-இல் சிறையில் இருந்தான். கிட்டார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1967 ஜூலையில் இவர்கள் கச்சேரிகளுக்கு முன்னோட்டமாக வாசித்தது மட்டும் உண்மை. மான்டரே இசை விழாவில் அவரைப் பார்த்து அசந்துபோன டோலன்ஸ்தான் அழைக்கச் சொன்னார். டேவியின் பெயரைச் சொல்லிக் கத்தும் சின்னப் பெண்கள் முன்னால் அவருக்கு அது சரிப்படவில்லை, சில நாட்களிலேயே விலகிக்கொண்டார். ஒரு மாதர் சங்கம் எதிர்த்ததால் விலக்கப்பட்டார் என்பது அப்போது வேண்டுமென்றே பரப்பிய கட்டுக்கதை.

'கிளார்க்ஸ்வில்' வியட்நாம் போர் பற்றிய பாட்டா என்ற சர்ச்சையும் இப்படித்தான். போருக்குப் போகிற பையன், இனித் திரும்புவேனா என்று தெரியாமல் காதலியைக் கடைசி முறை பார்க்கக் கூப்பிடுவதாகத்தான் எழுதினோம் என்று பாபி ஹார்ட் சொல்லியிருக்கிறார், அதனால் அது நிச்சயம். டென்னசியில் உள்ள கிளார்க்ஸ்வில் ஊருக்குப் பக்கத்தில் ராணுவத் தளம் இருப்பது தற்செயல் என்றும் அவரே சொல்கிறார். இதைத் தெரிந்துகொண்டு அந்தப் பாட்டை மறுபடி கேட்டால், துள்ளலுக்கு அடியில் அந்தப் பதற்றம் இருப்பது தெரியும்.

குரலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மிக்கி டோலன்ஸின் குரல் அந்தக் காலப் பாப் இசையின் மிகச் சிறந்த குரல்களில் ஒன்று என்பது என் தீர்மானம், இதில் யாரோடும் வாதாடத் தயார். 'ஸ்டெப்பின் ஸ்டோன்' பாட்டில் முறைத்துப் பாடுகிறவரும், 'ஐ'ம் எ பிலீவர்' பாட்டில் அசடு வழியும் சந்தோஷத்தோடு பாடுகிறவரும் ஒருவரே. முன்னதைப் பத்து வருஷம் கழித்து பங்க் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸ் பாடினார்கள். 'கோயின் டவுன்' என்ற பாட்டைத் தேடிக் கேளுங்கள், 'டேட்ரீம் பிலீவர்' தட்டின் பின்பக்கம் வந்தது. ஆற்றில் குதித்துவிட்டு, குதித்த பிறகு மனம் மாறிய ஒருவன் மிதந்துகொண்டே பேசுவதுபோலப் பாட்டு. ஷார்ட்டி ராஜர்ஸ் அமைத்த பித்தளை வாத்தியங்கள் பின்னால் துரத்த, மூச்சுவிட இடமில்லாத வேகத்தில் சொற்கள் கொட்டுகின்றன, ஒரு எழுத்துகூட மழுங்கவில்லை. நடிப்புப் பயிற்சி பாடகனுக்கு என்ன தரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 'நடிகர்களைப் பிடித்துப் பாட வைத்தார்கள்' என்று குறையாகச் சொல்கிறார்களே, அதே காரணத்தால்தான் இந்தப் பாட்டு இப்படி இருக்கிறது.

1967 நவம்பரில் வந்த நான்காவது ஆல்பம், 'பைசீஸ், அக்வேரியஸ், கேப்ரிகார்ன் அண்ட் ஜோன்ஸ் லிமிடெட்', கேட்க 'ஹெட்குவார்ட்டர்ஸ்' ஆல்பத்தைவிடச் செழுமையானது. இதில் டிரம்ஸுக்குப் பெரும்பாலும் எடி ஹோ என்ற தொழில்முறை வாத்தியக்காரர் வந்துவிட்டார். டோலன்ஸுக்கு ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பதில் பொறுமை போய்விட்டது, டார்க்குக்கோ நால்வரும் சேர்ந்தே வாசிக்க வேண்டும் என்ற ஆசை கடைசிவரை இருந்தது. அந்த விரிசல் பிறகு பெரிதானது. ஆனால் இந்தக் கட்டத்தில் எதை யார் வாசிப்பது என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். 'பிளசன்ட் வேலி சண்டே' கேரல் கிங்கும் ஜெரி கோஃபினும் எழுதியது. அந்த கிட்டார் வரி சிப் டக்ளஸ் யோசித்தது, நெஸ்மித் வாசித்தது. கடைசி இருபது நொடிகளில் எதிரொலியை ஏற்றிக்கொண்டே போய், பாட்டு முழுவதையும் அதற்குள் மூழ்கடிக்கிறார்கள். புறநகர் வாழ்க்கையின் ஒழுங்கைப் பற்றிய பாட்டு அப்படி மூழ்கிப்போவதைக் கேட்டு, சின்ன வயதில் ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று நினைத்தேன்.

இதே ஆல்பத்தில்தான் மோக் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி வருகிறது. அந்தக் கருவியை மிகத் தொடக்கத்திலேயே வாங்கியவர்களில் டோலன்ஸும் ஒருவர். 'டெய்லி நைட்லி' என்ற நெஸ்மித் பாட்டில் அவரே அதை இயக்குகிறார். இசையாக வாசிப்பதாகச் சொல்ல முடியாது, குமிழி விடுகிறார், ஊளையிட வைக்கிறார். பாட்டு 1966-இல் லாஸ் ஏஞ்சலிஸின் சன்செட் ஸ்ட்ரிப் தெருவில் இளைஞர்களுக்கும் போலீசுக்கும் நடந்த மோதல் பற்றியது. அதே மோதலைப் பற்றி பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்டு குழுவுக்காக ஸ்டீஃபன் ஸ்டில்ஸ் எழுதிய பாட்டு இன்று எதிர்ப்புப் பாட்டுகளின் வரலாற்றில் இருக்கிறது. டார்க்கை அனுப்பிவைத்த அதே ஸ்டில்ஸ். ஒரே தெரு, ஒரே நிகழ்ச்சி, ஒன்றுக்குப் பாடத்தில் இடம், இன்னொன்றைக் கேட்டவர்களே குறைவு. பால் பட்டர்ஃபீல்ட் குழுவின் விஷயமும் இப்படித்தான். அசல் புளூஸ் என்று எல்லோரும் மதித்த அந்தக் குழு 1966-இல் 'மேரி, மேரி' என்ற பாட்டைப் பதிவு செய்தது. அதை எழுதியவர் நெஸ்மித். பிறகு மங்கீஸும் அதைப் பாடினார்கள். எழுதியவர் கம்பளித் தொப்பி போட்ட டிவி பையன் என்று தெரியாதவரை அது அசலாகத்தான் இருந்தது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது ஆல்பத்தில் டேவி வசனமாகப் பேசும் ஒரு காதல் பாட்டு இருக்கிறது, அதை முழுதாகக் கேட்க என்னால் முடிவதில்லை. 1968-க்குப் பிறகு நால்வரும் தனித்தனியாகப் பதிவு செய்து ஒரே உறைக்குள் போட ஆரம்பித்தார்கள், அந்த ஆல்பங்களில் அருமையான பாட்டுக்கு அடுத்ததே வெறும் இட்டுநிரப்பலாக இருக்கும். டார்க் விலகி, நெஸ்மித்தும் விலகி, இரண்டு பேரை வைத்து 1970-இல் வந்த 'சேஞ்சஸ்' அவசரமாகக் கடந்துபோக வேண்டியது. 1987 ஆல்பமும் அப்படித்தான். இடையில் 1968-இல் அவர்கள் நடித்த 'ஹெட்' என்ற படம் ஓடவில்லை. ராஃபல்சன் இயக்கியது, அவரோடு சேர்ந்து எழுதியவர் ஜாக் நிக்கல்சன். தங்கள் பொம்மைப் பிம்பத்தைத் தாங்களே உடைக்கும் படம் அது. அதில் 'சர்க்கிள் ஸ்கை' பாட்டை சால்ட் லேக் சிட்டி மேடையில் நால்வரும் நேரடியாக வாசிக்கிறார்கள். ஆல்பத்தில் இருப்பது வேறு பதிவு, படத்தில் இருப்பதைத் தேடிப் பாருங்கள்.

இவர்கள் வெறும் நடிகர்களா என்ற கேள்விக்குப் பிற்கால வாழ்க்கையும் பதில் சொல்கிறது. நெஸ்மித் எழுதிய 'டிஃபரன்ட் டிரம்' 1967-இலேயே லிண்டா ரான்ஸ்டாட் பாடி வெற்றி பெற்றது. குழுவை விட்டதும் ஃபர்ஸ்ட் நேஷனல் பேண்ட் என்று ஆரம்பித்து, நாட்டுப்புறச் சாயலையும் ராக்கையும் கலந்து 1970-இல் அவர் போட்ட ஆல்பங்கள் இன்றைக்கும் புதிதாக இருக்கின்றன. 2016-இல் ஐம்பதாவது ஆண்டுக்கு வந்த 'குட் டைம்ஸ்!' ஆல்பத்துக்கு ரிவர்ஸ் கியூமோ, ஆண்டி பார்ட்ரிட்ஜ், பால் வெல்லர், நோயல் கேலகர், பென் கிப்பர்ட் என்று அடுத்த தலைமுறையின் பெரிய பாடலாசிரியர்கள் பாட்டு எழுதிக்கொடுத்தார்கள். சின்ன வயதில் இவர்களைக் கேட்டு வளர்ந்தவர்களின் மரியாதை அது. ஜோன்ஸ் 2012-இலும், டார்க் 2019-இலும், நெஸ்மித் 2021-இலும் போய்விட்டார்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். தொகுப்பு ஆல்பத்தில் தொடங்காதீர்கள், அதில் கிர்ஷ்னர் காலத்துப் பாட்டுகள்தான் முன்னால் நிற்கும், அவற்றை நீங்கள் ஏற்கெனவே கேட்டுவிட்டீர்கள். முதலில் 'ஹெட்குவார்ட்டர்ஸ்' முழுவதும், அடுத்த நாள் 'பைசீஸ்'. அதன் பிறகு முதல் ஆல்பத்துக்குத் திரும்பிப் போங்கள். யார் வாசித்தது என்ற கவலை அப்போது இருக்காது, லூயி ஷெல்டனின் கிட்டாரையும் டோலன்ஸின் குரலையும் தனித்தனியாக ரசிக்கலாம். கடைசியாக 'டேட்ரீம் பிலீவர்'. டேவியின் பாட்டுகளுக்கு நான் நல்ல நீதிபதி இல்லை என்றேன், இது ஒன்று விதிவிலக்கு. ஜான் ஸ்டூவர்ட் எழுதியது, ஒரு சொல்லை நிறுவனம் மாற்றச் சொன்னதால் 'ஃபங்கி' என்பது 'ஹாப்பி' ஆனது, பியானோத் தொடக்கம் டார்க் போட்டது. பல பதிப்புகளில் பாட்டுக்கு முன்னால் டக்ளஸ் பதிவின் எண்ணை '7ஏ' என்கிறார், டேவிக்குக் காதில் விழவில்லை, இது எத்தனாவது என்று கேட்கிறார், எல்லோரும் சேர்ந்து கத்திச் சொல்கிறார்கள். தான் குள்ளம் என்பதால்தான் இப்படி என்று டேவி என்னவோ சமாதானம் சொல்கிறார். பாடும்போது தனக்கு எரிச்சலாக இருந்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அந்த எரிச்சல் முதல் வரியில் லேசாகத் தெரிகிறது, கோரஸ் வரும்போது போய்விடுகிறது. நண்பரை அழைத்துவந்து அந்த முதல் பத்து நொடியை மட்டும் போட்டுக்காட்டுங்கள். நால்வரும் அறைக்குள் இருக்கிறார்கள்.